வெளியில் பெரியம்மா

1

சென்ற வாரம் இனியாவின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு இருந்தது. நியூசிலாந்தில் நாங்கள் வசிக்கும் ஹாமில்டனில் இது குளிர்காலம். காலையில் வெகுநேரம் வரை பனிமூட்டம் விலகாது. எதிரில் வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் யாரென்று தெரியும். வகுப்பு ஆசிரியை கேட் வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். சுகந்தியைப் பெயர் சொல்லி அழைத்துக் கைகொடுத்தார். என்னைப் பார்த்ததும், "குட் மார்னிங், பெரியம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சுத்தமாகச் சொன்னார். வீட்டில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். நான் விழித்ததைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "தவறாகச் சொல்லிவிட்டேனா? இனியா உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறாள். இரண்டு அம்மாக்களில் ஒருவருக்கு உங்கள் மொழியில் அந்தப் பெயர் என்று நினைத்தேன்" என்றார். சரியாகத்தான் சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இனியாவின் கணக்கைப் பற்றியும் வாசிப்பைப் பற்றியும் அவர் நிறையப் பேசினார். எதுவும் என் காதில் ஏறவில்லை. சுகந்தி கேட்டுக்கொண்டாள்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் சுகந்தியும் இந்த நாட்டுச் சட்டப்படி திருமணம் செய்துகொண்டவர்கள். எனக்கு ஊர் கிணத்துக்கடவு, அவளுக்குப் பல்லடம். இனியா சுகந்தியின் வயிற்றில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் தாய் என்று எங்கள் இருவரின் பெயரும் இருக்கிறது. பேச்சு வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அம்மா, சுகந்தி மம்மு. எனக்குக் கூடப்பிறந்தது ஓர் அண்ணன் மட்டுமே. அவன் பெண்ணுக்கு நான் அத்தை. ஆக, முறைப்படி பார்த்தால் இந்த உலகத்தில் யாருக்கும் நான் பெரியம்மா ஆக வழியில்லை.

கொஞ்ச காலமாக இனியா வீட்டில் என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடாமல் சமாளித்துவந்தாள். "சாக்ஸைக் காணோம்", "பசிக்குது" என்று பொதுவாகச் சொல்வாள். கூப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில், நாக்கு தவறியதுபோல, பெரியம்மா என்பாள். கோயமுத்தூரில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்த பழக்கம், போகப்போகச் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பள்ளிக்கூடம் வரை போய்ச்சேர்ந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2

இங்கே வீடு தேடியபோது எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. வீடு காட்டிய பெண்மணி, "மூன்றாவது வீட்டில் இரண்டு அப்பாக்களும் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள், உங்கள் மகளுக்குத் துணை" என்று அடுப்பையும் வெந்நீர்க் குழாயையும் காட்டுகிற அதே குரலில் சொன்னார். பள்ளி விண்ணப்பத்தில் பெற்றோர் ஒன்று, பெற்றோர் இரண்டு என்றுதான் இருந்தது. இந்தத் தெருவில் யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை. மழை பற்றிப் பேசுவார்கள், புல் வெட்டும் இயந்திரம் கடன் கேட்பார்கள். நான் பால் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன், சுகந்தி வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறாள். இத்தனை வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தாயார் பெயர்கூட எனக்குத் தெரியாது. நிம்மதி என்றால் இதுதான் என்று இருந்தோம்.

கிணத்துக்கடவில் என் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கப் பழகுவதற்கு வருடமாகும் என்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அண்ணனும் அண்ணியும் தோப்பைப் பார்ப்பார்களா, அப்பாவைப் பார்ப்பார்களா? நான் விடுப்புப் போட்டேன். சுகந்தியின் நிறுவனத்துக்குக் கோயமுத்தூரில் கிளை இருந்தது, ஒரு வருடம் அங்கிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினாள். இனியாவும் ஊரைப் பார்க்கட்டும் என்று மூவருமாகக் கிளம்பினோம்.

அண்ணனிடம் போனில் சொன்னபோது, "அப்பாவப் பாக்கறதுக்கு எப்ப வேணாலும் வா அம்மணி. யாரு வேண்டாம்ங்கறா? ஒண்ணா வந்து ஊட்ல தங்கறது மட்டும் வேண்டாம். எம்புள்ளைக்கு நாளைக்கு மாப்ள பாக்கோணும்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

3

படித்தவர்கள் இருக்கும் இடம்தான் தோதுப்படும் என்று எண்ணி, சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பிடித்தோம். நீச்சல் குளம், ஊஞ்சல், வாசலில் காவலாளி. பாதிப் பேர் வெளிநாடு போய்த் திரும்பியவர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தை இனியாவிடம் அவள் அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அப்பா இல்லை, ரெண்டு அம்மா என்று இவள் சொல்லியிருக்கிறாள். இங்கே ஹாமில்டனில் எத்தனையோ முறை சொன்ன பதில்தான். இரண்டு நாள் கழித்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். செயலாளர், "குடிங்க, ஆறிப்போகுது" என்று சொல்லி நாங்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்குத் தனிப்பட்ட முறைல ஒண்ணுமில்லீங்க. பேமிலிங்க இருக்கற இடமுங்க."

"நாங்களும் பேமிலிதானுங்க" என்றாள் சுகந்தி.

"அதுதானுங்க பிரச்சனையே" என்றார் அவர். தனியாக இருக்கிற பெண்கள் என்றால்கூடப் பேசிப் பார்க்கலாமாம்.

எங்கள் ஊரில் துரத்துவதற்கும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அதை நான் மறந்துபோயிருந்தேன். மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். மறுநாள் மாலை இனியா விளையாடக் கீழே போனாள். மற்றப் பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். காவலாளி அவளிடம், "பாப்பா, நீ மேல போ கண்ணு. உன்ன இங்க வெளையாட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றாராம். மேலே வந்து அவர் சொன்னதை அப்படியே எங்களிடம் சொன்னாள். அழவில்லை. "நான் சொன்னதாலயா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றோம். எட்டு வயதுக் குழந்தை அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

என்னை யாராவது திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். காலியாக ஆடிக்கொண்டிருந்த அந்த ஊஞ்சலை நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

பள்ளிச் சேர்க்கையில் வேறுவிதமாக மாட்டிக்கொண்டோம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"அப்பா பேரு இல்லாம சிஸ்டம் எடுக்காதுங்க மேடம்."

"அப்பா இல்லைங்க."

"எறந்துட்டாருங்களா, டைவர்ஸுங்களா? ரெண்டுல ஒண்ணு சொன்னீங்கன்னா போட்டுக்கலாமுங்க."

இறக்காத, பிறக்கவும் செய்யாத ஒரு மனிதரை என்ன செய்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, "சரி விடுங்க, பிரிஞ்சுட்டாங்கன்னு போட்டுக்கறேன்" என்றார். அடுத்து என்னைப் பார்த்தார். "நீங்க குழந்தைக்கு என்ன வேணுமுங்க?"

பெரியம்மா என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் காப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை நிரப்பினார். வேலை சுலபமாக முடிந்தது.

அன்று மாலையே இனியாவுக்கும் சொல்லிக்கொடுத்தோம். வெளியில் பெரியம்மா, வீட்டுக்குள் அம்மா. ஒப்பித்தல் போட்டிக்குத் தயார்செய்வது போலத் திரும்பத் திரும்பக் கேட்டோம். கடைக்காரர் கேட்டால்? பெரியம்மா. டீச்சர் கேட்டால்? பெரியம்மா. கூட விளையாடுகிற பிள்ளை கேட்டால்? பெரியம்மா. ஒரு தடவைகூட அவள் தப்பவில்லை. கெட்டிக்காரி என்று நான்தான் கன்னத்தைத் தட்டினேன்.

5

அடுத்த வீடு கணபதியில் கிடைத்தது. குறுகலான தெரு. வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டறைகள். காலையிலிருந்து இரும்பு கடைகிற சத்தம். கீழே லேத்துப் பட்டறையும் வீட்டுக்காரர் குடும்பமும், மேலே வாடகைக்கு விடுகிற வீடு. வீட்டுக்கார அம்மா ருக்மணி, ஐம்பதைக் கடந்தவர். ஸ்கூட்டியில் இரும்புச் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். நாங்கள் போனபோது வண்டியில் கிளம்ப இருந்தவர், என்ஜினை நிறுத்தக்கூட இல்லை.

"ஏனுங்க, எந்த ஊருங்க நீங்க?"

"கிணத்துக்கடவு பக்கமுங்க."

"அங்க யாரூட்டுப் புள்ள?"

அப்பா பெயரைச் சொன்னேன்.

"என்ன கூட்டமுங்க?"

கொங்கு நாட்டில் எங்கள் சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவைக் கூட்டம் என்பார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள். முன்பின் பார்த்திருக்காவிட்டாலும் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. கூட்டம் வேறு என்றால் மாமன் மச்சான் முறை, கட்டலாம். எனக்கு என்றைக்கும் பிடிக்காத கேள்வி அது. அன்றைக்கு அந்தக் கேள்விதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. வேறு சாதியில் பிறந்த இருவர் வந்து நின்றிருந்தால் அந்தக் கதவு எப்படித் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுதாமல் விடுவது சரியில்லை.

நான் சொன்னதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "எங்கூட்டுக்காரரும் அதே கூட்டந்தான். உங்கப்பா அவருக்கு அண்ணன் மொறை ஆகுது. அப்ப நீ எனக்கு மவளாட்டம். இவ யாரு, உந்தங்கச்சியா?"

"ஆமாங்க" என்றேன்.

"புருசன் வெளிநாட்லயா?" என்று சுகந்தியைக் கேட்டார். அவள் சிரித்து வைத்தாள். அவரே முடிவுசெய்துகொண்டார்.

அந்த நிமிடம் முதல் நான் அவருக்கு 'வளரு'. வளர்மதி என்று முழுதாக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் சின்னம்மா, இனியாவுக்கு அம்மிச்சி, அதாவது அம்மா வழிப் பாட்டி. அவருடைய ஒரே மகன் கோகுல் எங்களுக்குத் தம்பி. எதிர்வீட்டுத் தனம் அக்காவிடம் அன்று மத்தியானமே, "எம்பங்காளியூட்டுப் புள்ளைங்க" என்று சொல்லிவிட்டார். தனம் அக்காவுக்குத் தெரிந்தால் சங்கனூர் வரைக்கும் தெரிந்த மாதிரி. தெருவில் பத்து வீட்டுப் பிள்ளைகள் இனியாவைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மாதத்தில் அவள் "வாரேனுங்க", "செஞ்சுபோட்டேன்" என்று பேசத் தொடங்கினாள்.

நான் ஒருநாள் விட்டு ஒருநாள் காந்திபுரம் போய், உக்கடம் போய், பொள்ளாச்சி பஸ் ஏறிக் கிணத்துக்கடவு போவேன். அப்பாவை நடக்கவைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். திரும்பும்போது இனியா பட்டறை வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும், "பெரியம்மா வந்தாச்சு" என்று உரக்கக் கத்துவாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. பிறகு பழகியது. மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு கொதிக்க, அரைத் தூக்கத்தில், பக்கத்தில் நான் மட்டும் இருக்கையில், "பெரியம்மா, தண்ணி" என்றாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன்.

6

கோகுலுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் புதுச்சேலை உடுத்தி, அவனுக்கு இணையாக நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டில் கல்யாணமான பெண் ஒருத்தி நிற்பாள். கோகுலுக்கு அக்கா தங்கை கிடையாது. நிற்பதாக இருந்த பெரியப்பா மகளுக்கு அது நிறைமாதம்.

சின்னம்மா மேலே வந்து நேராகச் சுகந்தியிடம், "நீ நில்லு சாமி. உனக்குத்தான் புருசன் புள்ள எல்லாம் இருக்குது. நல்ல சேலையா எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

சுகந்தி பிறந்த கூட்டம் வேறு. கூட்டக் கணக்குப்படி பார்த்தால் கோகுல் அவளுக்குத் தம்பி இல்லை, கட்டுகிற முறை. அவள் அக்காவாக நின்றால் அந்தச் சீரே தப்பு.

"ஒரு நாள் கூத்து. நின்னுட்டு வந்துரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"உனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையா?"

"எனக்கு இல்ல. அவங்களுக்கு இருக்குதே. ஊடு குடுத்தவங்களைக் கொண்டுபோய் அவங்க சாமி முன்னாடியே ஏமாத்தச் சொல்றியா?"

இன்னொரு வீடு தேட என்னால் முடியாது என்றேன். இன்னொரு ஊஞ்சலைப் பார்க்க முடியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

சின்னம்மா கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். சுகந்திதான் ஆரம்பித்தாள். "நாங்க அக்கா தங்கச்சி இல்லீங்க சின்னம்மா."

"அப்பறம்? சித்தப்பன் மவளா?"

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அங்க சட்டம் இருக்குதுங்க. எனக்குப் புருசன்னு யாரும் இல்ல. இனியாவுக்கு நாங்க ரெண்டு பேருமே அம்மா."

அவர் கையில் இருந்த தேங்காயைப் பையில் போட்டார். அடுத்த பையை எடுத்தார். அதிலும் போட்டார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீ எந்த ஊரு? என்ன கூட்டம்?" என்று சுகந்தியைக் கேட்டார்.

அவள் சொன்னாள்.

"ம். மொறை தப்பலை" என்றார் சின்னம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பு.

"சிரிக்காத. பொய்யச் சொல்லிப்போட்டு சிரிப்பு வேற. தெருப்பூரா எம்பங்காளியூட்டுப் புள்ளைங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். சீர்ல கொண்டுபோய் நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு இதெல்லாம் புரியலை வளரு. புரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன். இந்தப் பொய்தான் எனக்கு ஆகலை."

"ஊட்டைக் காலி பண்ணிக்கறோமுங்க."

"கல்யாணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, நீங்க சாமானத் தூக்கறதை நான் பாத்துட்டு நிக்கோணுமா? பேசாம இருங்க." இன்னும் இரண்டு பை ஆனது. "நீ எங்க கூட்டம்னியே, அதுவாச்சும் நெசமா?"

"நெசமுங்க."

"அப்ப நீ நில்லு. கல்யாணம் ஆனவளான்னு அருமைக்காரர் கேப்பாரு. ஆயிருச்சுன்னு சொல்லு." சற்று நிறுத்தி, "ஆயிருச்சுதானே?" என்றார்.

ஆமாங்க என்றேன்.

சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் மண்டபத்தில் அதைக் கேட்கத்தான் செய்தார். ஆயிருச்சுங்க என்றேன். மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் கோகுலுக்கு இணையாக நின்றேன். நான் சொன்னது பொய்யில்லை என்பது அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

சின்னம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "பாப்பாகிட்ட இப்ப எதையும் மாத்திச் சொல்ல வேண்டாம். அது வாயத் தொறந்தா மண்டபம்பூராக் கேட்டுப்போகும். கல்யாணம் முடியட்டும்." கல்யாணம் முடிந்து புது மருமகள் வந்தாள். மருமகள் வீட்டார் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நாங்களாகப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை. தீபாவளிக்கு மூன்று பேருக்கும் துணி எடுத்துக் கொடுத்தார். அப்பா கைத்தடியுடன் தோப்பு வரை நடக்கத் தொடங்கியபோது எங்கள் வருடம் முடிந்திருந்தது. திரும்பி வந்தோம்.

7

பெற்றோர் சந்திப்புக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு இனியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை சிக்கெடுத்தேன். முகம் பார்க்காமல் பேசுவதற்கு அது தோதான வேலை.

"இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்கறது இல்லையே கண்ணு. ஏன் இன்னும் பெரியம்மாங்கிற?"

"மறக்காம இருக்கோணுமில்ல?" என்றாள்.

"எதை?"

"மறுபடியும் அம்மிச்சி ஊட்டுக்குப் போவோமில்லீங்களா? அங்க மறந்து போய் வேற மாதிரி கூப்பிட்டுட்டா, அந்த அபார்ட்மெண்ட் மாதிரி அம்மிச்சியும் போகச் சொல்லிருவாங்க. அதனால எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சொல்லிட்டு இருக்கேன். அப்படிச் சொன்னா தப்பே வராது."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. ஊர்ப் பழக்கம் என்றும், பிள்ளை நம்மைவிட்டு விலகுகிறாள் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம், அவள் எங்களுக்காக ஒரு வீட்டைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அம்மிச்சிக்குத் தெரியும் இனியா" என்றாள் சுகந்தி.

"பொய்."

"நெசமா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டோம்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லலை?"

இனியா எழுந்துபோய்ச் சுகந்தியின் போனை எடுத்தாள். "நானே கேக்கறேன்" என்றாள்.

கணபதியில் அப்போது மத்தியானம். ஞாயிறு என்பதால் பட்டறைச் சத்தம் இல்லை. டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எதிர்வீட்டுத் தனம் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். இனியா தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"அம்மிச்சி, சாப்டீங்களா?"

"ஆச்சு கண்ணு. அங்க குளிருதா? சொட்டரு போட்டிருக்கறயா?"

"போட்டிருக்கேன். ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு சாமி."

"உங்கூட்டுக்கு வந்தா, நான் பெரியம்மாவ அம்மான்னு கூப்பிட்டா, நீங்க எங்களக் காலி பண்ணச் சொல்லிருவீங்களா?"

தனம் அக்கா கீரையை விட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க்கா, பாப்பா என்ன கேக்குது?"

சின்னம்மா டி.வி.யை நிறுத்தினார். அந்த வீட்டில் இப்போது மருமகள் இருக்கிறாள், சம்பந்தி வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. அப்புறம் பேசறேன் கண்ணு என்று அவர் சொல்லியிருந்தால் நான் தப்பாகவே நினைத்திருக்க மாட்டேன். அப்படித்தான் சொல்வார் என்று நின்றிருந்தேன்.

"உங்கம்மாள அம்மான்னு கூப்படறதுக்கு ஊட்டுக்காரிகிட்ட எதுக்குக் கண்ணு கேக்கற?" என்றார்.

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரும் உங்கம்மாதானே. ரெண்டு பேரையுந்தான்."

"ரெண்டு அம்மாளா? அதெப்படிங்க்கா?" என்றது தனம் அக்காவின் குரல்.

"இரு தனம், சொல்றேன். பாப்பா, போன வெய்யி. எனக்கு இங்க வேலை இருக்குது."

திரை அணைந்தது. இனியா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அம்மிச்சி வெச்சுட்டாங்கம்மா" என்றாள்.